வாடகைக்காரரின் முகவரியும் வீட்டுக்காரரின் கையெழுத்தும்: தாய்லாந்துக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு

தாய்லாந்தில் இன்று நடைமுறையில் இருக்கும் குடிவரவுச் சட்டம் 1979இல் இயற்றப்பட்டது. அதன் 38ஆம் பிரிவு சில வரிகளே கொண்டது. தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுத் தலைவரோ, உரிமையாளரோ, வீட்டைத் தம் அனுபவத்தில் வைத்திருப்பவரோ, விடுதி மேலாளரோ, அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அப்பகுதிக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவலகம் இல்லாத ஊரில் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரிய படிவம் டி.எம்.30. தவறும் வீட்டுக்காரருக்கு 2,000 பாட் வரையிலும், விடுதி மேலாளருக்கு 2,000 முதல் 10,000 பாட் வரையிலும் அபராதம் விதிக்க 77ஆம் பிரிவு இடம் தருகிறது.

தன் எல்லைக்குள் இருக்கும் அயல்நாட்டவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று அறிய ஓர் அரசுக்கு உரிமை உண்டு. அதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகவலைச் சொல்லும் கடமை ஒருவரிடமும், சொல்லாததன் விளைவு வேறொருவரிடமும் இருந்தால், சட்டம் தான் நாடிய தகவலையும் பெறாது. எளிய தரப்பான வாடகைக்காரரை வீட்டுக்காரரின் தயவில் விட்டுவிடும். தாய்லாந்தில் நடந்திருப்பது இதுதான் என்பது என் வாதம். மொழி தெரியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவரிடம் வாடகைக்கு இருப்பவரின் நிலையை இச்சட்டம் எப்படி இன்னும் பலவீனமாக்குகிறது என்பதைச் சட்ட வாசகத்திலிருந்தே காட்ட முடியும்.

வெளிநாட்டவருக்கென்று தனியே கடமைகள் இல்லாமல் இல்லை. 37ஆம் பிரிவின்படி, அவர் தெரிவித்த முகவரியிலேயே தங்க வேண்டும். இடம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் நாட்டில் இருந்தால் ஒவ்வொரு 90 நாளுக்கும் தாம் தங்கியிருக்கும் இடத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 5,000 பாட் வரை அபராதம், மேலும் நாளொன்றுக்கு 200 பாட் வரை. ஆகவே ஒரே முகவரியைப் பற்றி அரசு இரண்டு பேரிடம் கேட்கிறது. இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் தகவல் உறுதியாகிறது என்பது இதன் தர்க்கம். காகிதத்தில் குறை சொல்ல முடியாத தர்க்கம்தான்.

நடைமுறையில் அது திசைமாறுவது விசா நீட்டிப்புக் கவுன்டரில். ஓய்வூதியர், ஆசிரியர், தாய்லாந்துக்காரரை மணந்தவர் எனப் பலரும் ஆண்டுதோறும் அனுமதியை நீட்டித்துக்கொள்ள வேண்டியவர்கள். அங்கே அதிகாரி கணினியில் பார்க்கும்போது டி.எம்.30 பதிவு இல்லையென்றால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். வீட்டுக்காரர் செய்யாத வேலைக்கு வாடகைக்காரர் திருப்பி அனுப்பப்படுகிறார். சட்டம் வீட்டுக்காரருக்கு விதித்த அபராதத்தையும் தாமே கட்டிவிட்டு, படிவத்தையும் தாமே நிரப்பிக் கொடுத்து வேலையை முடித்துக்கொண்ட வாடகைக்காரர்கள் ஏராளம். இப்படி 77ஆம் பிரிவு யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவரைத் தொடாமலே போய்விடுகிறது.

வீட்டுக்காரர்கள் ஏன் அறிவிப்பதில்லை? சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. வருமானத்தைக் கணக்கில் காட்டாதவர், இந்த முகவரியில் ஒரு வெளிநாட்டவர் குடியிருக்கிறார் என்று தம் கையெழுத்துடன் அரசுக்கு எழுதித் தர விரும்பமாட்டார். 2004ஆம் ஆண்டின் விடுதிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் நாள்கணக்கில் அறை விடுவது குற்றம். அடுக்குமாடி வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாட்கள் விடுபவர் டி.எம்.30 நிரப்பினால் தம் மீதே புகார் எழுதியதாக ஆகும். வேறு சிலர் வெளிநாட்டிலோ வேறு மாகாணத்திலோ இருப்பார்கள். தரகர் வழியாக வாடகை மட்டும் வந்துகொண்டிருக்கும். உரிமையாளரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டின் நகல், வாடகை ஒப்பந்தம் என்று அலுவலகம் கேட்கும் காகிதங்கள் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. தர மறுத்தால் அவருக்கு நட்டம் அதிகம் போனால் 2,000 பாட். வாடகைக்காரருக்கு நட்டம் அந்த நாட்டில் வாழும் அனுமதி. இந்த ஏற்றத்தாழ்வை அறிந்த வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தும்போதும், அட்வான்ஸைத் திருப்பித் தராதபோதும், ஒழுகும் குழாயைச் சரிசெய்யாதபோதும், எதிர்த்துப் பேச வாடகைக்காரருக்கு எவ்வளவு துணிவு இருக்கும்?

பல ஆண்டுகள் இந்தப் பிரிவு பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது. 2019இல் அதிகாரிகள் கடுமையாக அமல்படுத்தத் தொடங்கியபோது, அதன் வாசகம் எவ்வளவு விரிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. சியாங் மாயில் வீடு எடுத்திருப்பவர் இரண்டு நாள் புக்கெட் விடுதியில் தங்கிவிட்டுத் திரும்பினால், விடுதி ஓர் அறிவிப்பு அனுப்பும். வீடு திரும்பியதும் வீட்டுக்காரர் மீண்டும் ஓர் அறிவிப்பு தர வேண்டும். தாயகத்துக்குப் போய்வந்தாலும் அப்படியே. வெளிநாட்டவரும் வணிகச் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2020இன் நடுவில் விதி தளர்ந்தது: ஒரு முகவரி ஏற்கெனவே பதிவாகியிருந்து, விசா செல்லுபடியாகும் காலத்துக்குள் அதே முகவரிக்குத் திரும்பினால் மறு அறிவிப்பு தேவையில்லை. இது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் எத்தனை முறை அறிவிப்பது என்பதையே அது குறைத்தது. யார் அறிவிப்பது என்ற கேள்வியை அது தொடவில்லை. முதல் அறிவிப்பு இன்னும் வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், சட்டத்தின் வாசகம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. அதன் 4ஆம் பிரிவு தரும் வரையறைப்படி வீட்டுத் தலைவர் என்பவர், உரிமையாளராகவோ வாடகைக்காரராகவோ வேறு எந்த நிலையிலோ ஒரு வீட்டின் பொறுப்பை வைத்திருக்கும் முதன்மையாளர். குடிமக்கள் பதிவுச் சட்டத்தின் வரையறையும் இதேதான். ஒரு வீட்டை முழுவதுமாக வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் வெளிநாட்டவர் இந்த வரையறைக்குள் தெளிவாக வருகிறார். அப்படியானால் 38ஆம் பிரிவின் கீழ் தம்மைப் பற்றித் தாமே அறிவிக்க அவருக்குத் தகுதி உண்டு. சில அலுவலகங்கள் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் அப்படி ஏற்றுக்கொள்கின்றன. சில உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் படிவத்தைத் தொடுவதில்லை. ஒரே சட்டம் மாகாணத்துக்கு மாகாணம், சில சமயம் கவுன்டருக்குக் கவுன்டர் வேறாகப் படிக்கப்படுவது சட்டத்தின் ஆட்சிக்கு ஒவ்வாதது. இன்று தேவைப்படும் சீர்திருத்தத்தில் பாதி, ஏற்கெனவே அச்சிலிருக்கும் 4ஆம் பிரிவை எல்லா அலுவலகமும் ஒரே விதமாகப் படிக்கச் சொல்லும் ஒரு சுற்றறிக்கைதான்.

இச்சட்டத்தின் இன்னொரு பிரிவு தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. சட்டத்துக்கு மாறாக நுழைந்தவர் என்று தெரிந்தும் ஒருவருக்கு அடைக்கலம் தருபவருக்கு 64ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 பாட் வரை அபராதமும் விதிக்கிறது. அப்படிப்பட்டவர் ஒருவர் தம்முடன் தங்க விட்டால், தமக்குத் தெரிந்தே விட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தக்க எச்சரிக்கையுடன் இருந்தும் தமக்குத் தெரியாது என்று அவர்தாம் நிரூபிக்க வேண்டும். தாய்லாந்து 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஈழப்போர் முடிந்தபின் பாங்காக்கின் வாடகை அறைகளில் காத்திருந்த இலங்கைத் தமிழர் பலர் சுற்றுலா விசாவில் முறையாக வந்து, காலம் கடந்து தங்கியவர்கள். 2010இல் 492 தமிழருடன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த ‘சன் சீ’ கப்பல் தாய்லாந்துக் கரையிலிருந்தே கிளம்பியது. அந்த ஆண்டே பாங்காக்கில் தமிழரைத் தேடிக் கைது செய்யும் சோதனைகள் நடந்தன. முறையாக நுழைந்து விசா காலாவதியானவரை 64ஆம் பிரிவு நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் வீட்டுக்காரர் பிரிவு எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அறிவித்தால் காவலர் வருவர், அறிவிக்காவிட்டால் தமக்கு வம்பு என்ற இரண்டுக்கும் நடுவில், அறையே தராமல் இருப்பதோ, தந்து கூடுதல் வாடகை கேட்பதோதான் அவர் காணும் வழி. தேடப்படும் மனிதரைப் பற்றிய தகவல் கடைசியில் அரசுக்கும் கிடைப்பதில்லை. அவருக்குப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

வீட்டுக்காரரை எல்லைக் காவலராக்கினால் என்ன ஆகும் என்பதை அளந்து பார்த்த நாடு பிரிட்டன். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், வாடகைக்கு விடும் முன் குடிவருபவரின் குடிவரவு நிலையைச் சரிபார்க்கும் கடமையை வீட்டுக்காரர்மீது சுமத்தியது. 2016 பிப்ரவரியில் அது இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் சட்டம் சிறைத் தண்டனையையும் சேர்த்தது. 2024 முதல் முதல்முறை தவறுக்கே ஒரு குடியிருப்பாளருக்கு 10,000 பவுண்டு வரை அபராதம். குடியேறியோர் நலனுக்கான கூட்டு மன்றம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கெடுக்கப்பட்ட வீட்டுக்காரர்களில் 51 விழுக்காட்டினர் இத்திட்டத்தால் வெளிநாட்டவருக்கு வீடு தரும் வாய்ப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாத எவருக்கும் தரத் தயங்குவோம் என்றவர்கள் 42 விழுக்காடு. 2019இல் உயர் நீதிமன்றம் இத்திட்டம் மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனால் பாரபட்சம் நடப்பதை அதுவும் ஒப்புக்கொண்டது. அதைப் பொதுநலன் நியாயப்படுத்துவதாக மட்டுமே கூறியது. அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிறத்தையும் பெயரையும் உச்சரிப்பையும் பார்த்து வீடு மறுக்கும் ஒருவருக்கு அரசே ஒரு காரணத்தை எடுத்துக்கொடுத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஜெர்மனியின் ஏற்பாடு இருக்கிறது. அங்கே முகவரிப் பதிவு வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதில்லை. குடிமகன், அயலார் என்ற வேறுபாடில்லாமல் வீடு மாறிய எவரும் இரண்டு வாரத்துக்குள் தாமே பதிவு செய்ய வேண்டும். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிப் பதிவுச் சட்டம் வீட்டுக்காரரையும் மீண்டும் உள்ளே கொண்டுவந்தது: குடிவந்ததை அவர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். போலி முகவரிகளைத் தடுப்பது நோக்கம். ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. வீட்டுக்காரர் உறுதிமொழி தர மறுத்தாலோ, வேறு காரணத்தால் அது உரிய காலத்தில் கிடைக்காவிட்டாலோ, குடிவந்தவர் அதைப் பதிவு அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதன்பின் மறுத்தவரிடம் விளக்கம் கேட்பது அலுவலகத்தின் வேலை. அவருக்கு 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். பெர்லின் போன்ற வீட்டுப் பஞ்சமுள்ள நகரங்களில், பதிவு செய்யக்கூடாது என்ற நிபந்தனையுடன் அறை விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவில்லாதவர் வங்கிக் கணக்குக்கும் வரி எண்ணுக்கும் அலைகிறார். ஆயினும் வீட்டுக்காரரின் மறுப்போடு கதை முடிந்துவிடாதபடி அங்கே ஒரு வாசலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. 38ஆம் பிரிவில் அப்படி ஒரு வாசல் இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது வலுவானதே. வாடகைக்காரர் தாமே அறிவித்தால் பொய் முகவரி தரலாம். ஆகவே மூன்றாம் தரப்பின் சாட்சி தேவை என்கிறார்கள் காவல்துறையினர். விடுதிகளைப் பொறுத்தவரை இது சரி. விடுதி மேலாளர் தொழில் உரிமம் பெற்றவர், வருகைப் பதிவேடு வைத்திருப்பவர், இரவுக்கு இரவு மாறும் விருந்தினரைக் கையாள்பவர். 24 மணி நேரக் கெடு அவருக்குத்தான் பொருந்துகிறது. ஓராண்டு ஒப்பந்தத்தில் வீடு எடுப்பவரின் நிலை வேறு. ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வாடகை வங்கி வழியே போன பதிவு ஆகிய மூன்றும் வீட்டுக்காரரின் வாக்கைவிட நம்பகமான சாட்சிகள். வீட்டுக்காரரின் வாக்கும் பொய்யாக இருக்கலாம். வரியையும் உரிமத்தையும் மறைக்க விரும்புபவருக்கு அதற்கான தூண்டுதல் வாடகைக்காரரைவிட அதிகமாகவே இருக்கிறது.

ஆகவே 38ஆம் பிரிவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று முன்வைக்கிறேன். விடுதிகளுக்கு இன்றைய விதி அப்படியே தொடரலாம். வாடகை வீடுகளில் முதல் அறிவிப்பு குடியிருப்பவரின் உரிமையாகவும் கடமையாகவும் இருக்கட்டும். கெடு, வேலைக்குப் போகும் ஒருவரால் இயலும்படி ஏழு நாளாவது இருக்கட்டும். வீட்டுக்காரர் உறுதிசெய்ய மறுத்தால் அந்த மறுப்பைக் குறித்துக்கொண்டு அலுவலகம் அறிவிப்பை ஏற்க வேண்டும். மறுப்புக்கான அபராதம் மறுத்தவர் பெயரிலேயே பதிவாக வேண்டும். விசா நீட்டிப்புக் கவுன்டரில் இருக்கும் அதிகாரி, வேறொருவரின் தவறுக்காக விண்ணப்பத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும். அகதிகளைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் போதாது. முகவரிப் பதிவில் திரளும் தகவல் கைதுக்குப் பயன்படாது என்ற உறுதி இல்லாதவரை அவர்கள் எந்தப் படிவத்தையும் நிரப்பப்போவதில்லை. அந்த உறுதியை அளிக்கக் குடிவரவுத் துறையால் மட்டும் முடியாது. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்வதா என்ற, தாய்லாந்து தள்ளிப்போட்டுவரும் முடிவோடு அது பிணைந்திருக்கிறது.