ரூபி நிரலில் ஏற்றும் வரிசை: பட்டியலால் காப்பதா, கட்டமைப்பால் பெறுவதா?

ஆய்வுச் சுருக்கம்

ஒரு ரூபி நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்தவுடன் எந்தக் கோப்பை எதற்கு முன் ஏற்றுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்த வரிசையைத் தனிப் பட்டியலாக எழுதிக் காக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. வரிசை என்பது கோப்புகளுக்கு இடையிலான சார்பிலிருந்து தானே விளைய வேண்டிய ஒன்று என்றும், வரையறைக் காலச் சார்பைக் குறைப்பதே வரிசைச் சிக்கலுக்கு நிலையான தீர்வு என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ரூபி, மாட்யூல், ஏற்றும் வரிசை, வளையச் சார்பு, சைட்வெர்க்

1. சிக்கலின் வேர்

யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ரூபி மொழியில் கிளாஸ், மாட்யூல் வரையறைகள் யாவும் இயங்கும் கூற்றுகள். ஜாவா கம்பைலர் கோப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துப் பெயர்களைத் தீர்த்துக்கொள்ளும். அங்கே எந்தக் கிளாஸ் முன்னால் எழுதப்பட்டது என்பது பொருட்டாவதில்லை. ரூபியோ கோப்பை மேலிருந்து கீழாக இயக்குகிறது. கிளாஸ் என்று தொடங்கும் வரியை இயக்கும்போதுதான் அந்தக் கிளாஸ் உருவாகிறது. அதே வரியில் தாய்க் கிளாஸின் பெயர் இருந்தால் அது அந்த நேரத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 'நேம்எரர்' பிழையோடு நிரல் நிற்கும்.

ஒரு கோப்பு மற்றொன்றை அழைக்க 'ரிக்வயர்' பயன்படுகிறது. அது 'லோட் பாத்' எனப்படும் அடைவுப் பட்டியலில் கோப்பைத் தேடி, ஒருமுறை மட்டும் இயக்கி, ஏற்றியதைக் குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே கோப்பைக் கேட்டால் இயக்காமலே திரும்பிவிடும். 'லோட்' கட்டளைக்கு இந்த நினைவு கிடையாது. கேட்கும்போதெல்லாம் மீண்டும் இயக்கும். 2010இல் வந்த ரூபி 1.9.2, நடப்பு அடைவை லோட் பாத்திலிருந்து நீக்கியது. அழைக்கும் கோப்பின் இருப்பிடத்தை வைத்துத் தேடும் 'ரிக்வயர் ரிலேட்டிவ்' கட்டளையையும் தந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வி இதனால் பெரும்பாலும் தீர்ந்தது. எது முதலில் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2. இருவகைச் சார்பு

வரிசைச் சிக்கலைப் பற்றிய பேச்சு குழம்புவதற்குக் காரணம், இரண்டு வேறுபட்ட சார்புகளை ஒன்றாகக் கருதுவதுதான். கோப்பு இயங்கும்போதே தேவைப்படும் பெயர்கள் ஒருவகை: தாய்க் கிளாஸ், இன்க்ளூட் செய்யப்படும் மாட்யூல், கிளாஸின் உடலில் நேரடியாக மதிப்பிடப்படும் மாறிலி. இவற்றை வரையறைக் காலச் சார்பு எனலாம். மெத்தடின் உடலுக்குள் வரும் பெயர்கள் இன்னொரு வகை. ரூபி அந்த உடலைப் பதிவுசெய்துகொள்கிறதே தவிர இயக்குவதில்லை. மெத்தடை யாராவது அழைக்கும்போதுதான் பெயர் தேடப்படும். இது அழைப்புக் காலச் சார்பு.

வரிசையைத் தீர்மானிப்பது முதல் வகை மட்டுமே. இரண்டு கிளாஸ்கள் தத்தம் மெத்தடுகளுக்குள் ஒன்றையொன்று எத்தனை முறை குறிப்பிட்டாலும் எந்தத் தீங்கும் இல்லை. முதல் அழைப்புக்கு முன் இரண்டும் ஏறியிருந்தால் போதும். வரையறைக் காலச் சார்பு வளையமாகிவிட்டாலோ, எந்த வரிசையும் அந்த நிரலைக் காப்பாற்றாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ரூபியில் மாட்யூல், கிளாஸ் பெயர்கள் பேரெழுத்தில் தொடங்க வேண்டும். அந்த வேறுபாடு இல்லாத தமிழ் எழுத்தில் மெத்தடுக்கும் மாறிக்கும் பெயரிடலாம், மாட்யூலுக்கு இயலாது. ஆகவே பெயர்கள் இங்கே ஆங்கிலச் சொற்களின் ஒலிபெயர்ப்பாக வருகின்றன. 'ரிப்போர்ட்ஸ்' என்ற மாட்யூலுக்குள் 'பேஸ்' என்ற தாய்க் கிளாஸும், அதிலிருந்து பிறக்கும் 'டெய்லி', 'மன்த்லி' ஆகிய கிளாஸ்களும் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. பேஸ் கிளாஸின் உடலில் 'டைப்ஸ்' என்ற மாறிலியை வைத்து, டெய்லியையும் மன்த்லியையும் கொண்ட பட்டியலை அதற்குத் தருகிறார் ஒருவர். இப்போது டெய்லி பிறக்க பேஸ் வேண்டும்; பேஸ் முழுமையடைய டெய்லி வேண்டும். பேஸ் கோப்பு தன் முதல் வரியில் டெய்லி கோப்பை ரிக்வயர் செய்தால், டெய்லி பதிலுக்கு பேஸ் கோப்பைக் கேட்கும். பேஸ் கோப்பு ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பதால் அந்த அழைப்பு ஒன்றும் செய்யாமல் திரும்பும். பேஸ் என்ற பெயரே இன்னும் உருவாகாத நிலையில் டெய்லியின் கிளாஸ் வரி இயங்கி, பிழையில் முடியும். எச்சரிக்கைகளை இயக்கி ஓட்டினால் இப்படிப்பட்ட வளைய அழைப்பை ரூபி சுட்டிக்காட்டும். ஆனால் தீர்வு சொல்லாது.

தீர்வு எளியது. டைப்ஸ் மாறிலியை ஒரு கிளாஸ் மெத்தடாக மாற்றி, பட்டியலை அதன் உடலுக்குள் வைத்தால் பேஸின் சார்பு அழைப்புக் காலத்துக்கு நகர்ந்துவிடும். வளையத்தின் ஒரு கண்ணி அறுந்து, வரிசை தெளிவாகிவிடும்: முதலில் பேஸ், பிறகு மற்றவை. ரிக்வயர் வரிகளை மேலும் கீழும் நகர்த்தித் தேடியிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது.

3. கையால் எழுதும் வரிசையின் குறைகள்

பல திட்டங்களில் ஒரு முதன்மைக் கோப்பு இருக்கும். மற்ற எல்லாக் கோப்புகளும் அதில் சரியான வரிசையில் ரிக்வயர் செய்யப்பட்டிருக்கும். சிறு நிரலுக்கு இது தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் டெய்லிக்கு பேஸ் தேவை என்பது டெய்லி கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும் செய்தி. முதன்மைக் கோப்பின் வரிசை அதே செய்தியின் இன்னொரு படி. அதுவும் காரணம் சொல்லாத படி. புதிதாகச் சேரும் நிரலாளருக்கு எந்த இரண்டு வரிகளை இடம் மாற்றலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. டெய்லியை மட்டும் தனியாக ஏற்றிச் சோதிக்கவும் முடியாமல் போகிறது.

பட்டியலே வேண்டாமென்று அடைவிலுள்ள கோப்புகள் அனைத்தையும் 'குளோப்' கட்டளையால் எடுத்து ஒரு சுழற்சியில் ஏற்றுவோரும் உண்டு. ரூபி 3.0க்கு முன் குளோப் தரும் வரிசை கோப்பு முறைமையைப் பொறுத்தது. ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களை அகரவரிசையில் வைத்திருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 பெரும்பாலும் ஹாஷ் வரிசையில் தரும். மேக் கணினியில் பேஸ் முதலில் ஏறிச் சரியாக ஓடிய நிரல், லினக்ஸ் சேவையகத்தில் டெய்லி முதலில் ஏறிச் சரிந்து விழுந்ததற்கு இதுவே காரணம். 2020 டிசம்பரில் வந்த ரூபி 3.0 குளோப் முடிவுகளை இயல்பாகவே வரிசைப்படுத்தித் தருகிறது. இதனால் நடத்தை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆங்கில அகரவரிசையில் பேஸ் முன்னால் வருவது எழுத்தின் தற்செயல். நாளை ஒருவர் 'ஆன்யுவல்' என்று ஒரு கிளாஸைச் சேர்த்தால் அது 'ஏ' எழுத்தில் தொடங்குவதால் பேஸுக்கு முன் ஏறி நிரலை நிறுத்திவிடும். கோப்பின் பெயருக்கு முன் எண்களை ஒட்டி இதைச் சமாளிப்பது, பட்டியலைப் பெயர்களுக்குள் ஒளித்துவைப்பதன்றி வேறில்லை.

இதற்கு நேர்மாறான வழி, ஒவ்வொரு கோப்பும் தன் வரையறைக் காலத் தேவையைத் தன் தலையிலேயே ரிக்வயர் செய்வது. ரிக்வயர் ஒருமுறை மட்டுமே இயக்கும் என்பதால், இந்த அறிவிப்புகளைப் பின்தொடரும் ரூபி, சார்பு வரைபடத்தை ஆழம் வரை சென்று அலசி, தேவைகளை முதலில் முடித்துவிட்டு மேலே வருகிறது. கணினி அறிவியலில் இடவியல் வரிசையாக்கம் எனப்படுவது இதுவே. ரூபியில் வலைச் செயலிகள் எழுத உதவும் சட்டகமான ரெயில்ஸ் தன் தொடக்கப் பணிகளை, 'இதற்கு முன்', 'இதற்குப் பின்' என்ற குறிப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு, டிஸார்ட் நூலகத்தின் வழியாக வரிசைப்படுத்துவதும் இதே கொள்கையில்தான். மனிதர் சார்பைச் சொன்னால் போதும். வரிசையை இயந்திரம் கண்டுகொள்ளும்.

4. பெயரிலிருந்து முகவரி

இன்னும் ஒரு படி மேலே போனால் சார்பைத் தனியாக அறிவிப்பதும் தேவையில்லை என்றாகிறது. ரிப்போர்ட்ஸ் மாட்யூலின் டெய்லி கிளாஸ், ரிப்போர்ட்ஸ் அடைவின் டெய்லி கோப்பில்தான் இருக்கும் என்று விதி வைத்துக்கொண்டால், பெயரைப் பார்த்தே கோப்பைக் கண்டுபிடித்துவிடலாம். ரெயில்ஸ் நெடுங்காலம் இதை 'கான்ஸ்ட் மிஸ்ஸிங்' என்ற கொக்கியால் செய்துவந்தது: ஒரு மாறிலி கிடைக்கவில்லை என்றால் ரூபி அந்த மெத்தடை அழைக்கும், ரெயில்ஸ் அங்கே கோப்பைத் தேடி ஏற்றும்.

அந்த முறையின் குறை நுட்பமானது. 'யூசர்' என்று பொதுவெளியில் ஒரு கிளாஸும், 'அட்மின்' மாட்யூலுக்குள் அதே பெயரில் இன்னொன்றும் இருப்பதாகக் கொள்வோம். அட்மினுக்குள் இருக்கும் நிரல் யூசர் என்று மட்டும் எழுதுகிறது. நாடுவது அட்மினின் யூசரை. பொதுவெளி யூசர் ஏற்கெனவே ஏறியிருந்தால் ரூபிக்கு ஒரு யூசர் கிடைத்துவிடும், பெயர் காணவில்லை என்ற நிலையே வராது, கொக்கியும் இயங்காது. தவறான கிளாஸ் பிழைச் செய்தி ஏதுமின்றி வேலை செய்துகொண்டிருக்கும். இங்கே ஏற்றும் வரிசை நிரலின் பொருளையே மாற்றிவிடுகிறது. நிரல் நின்றுவிடுவதைவிட இது ஆபத்தானது.

2019இல் ரெயில்ஸ் 6.0உடன் வந்த சைட்வெர்க் இதை வேரிலேயே தீர்த்தது. சேவியர் நோரியா எழுதிய இந்த நூலகம், ரூபியின் உள்ளேயே இருக்கும் 'ஆட்டோலோட்' வசதியைப் பயன்படுத்துகிறது: அடைவுகளை முதலிலேயே பார்த்து, இந்த மாட்யூலில் இந்தப் பெயர் வந்தால் இந்தக் கோப்பை ஏற்று என்று குறித்துவைக்கிறது. அட்மினுக்குள் யூசர் என்ற பெயர் ஏறாமலே பதிவாகிவிடுவதால், ரூபியின் இயல்பான தேடல் சரியான கிளாஸைச் சென்றடைகிறது. பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஏற்படும் கோளாறுகளால் ஆட்டோலோடைத் தவிர்க்கும்படி மாட்சுமோட்டோவே 2011இல் அறிவுறுத்தியிருந்தார். பின்னர் அக்கோளாறுகள் மொழிக்குள்ளேயே சரிசெய்யப்பட்டதால்தான் சைட்வெர்க் அதன்மேல் எழ முடிந்தது. 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7.0 பழைய முறையை முழுவதும் கைவிட்டது.

5. மறுப்புகளும் எல்லைகளும்

தானியங்கி ஏற்றம் சார்பை மறைத்துவிடுகிறது என்பது வலுவான மறுப்பு. ஒரு கோப்பின் தலையைப் பார்த்து அதன் தேவைகளை அறியும் வசதி போய்விடுவது உண்மைதான். ஆனால் வரையறைக் காலச் சார்பு கிளாஸ் வரியிலும் இன்க்ளூட் வரியிலும் கண்முன்னே இருக்கிறது. ரிக்வயர் வரி அதை மறுபடி சொல்வதுதான். மறைந்திருக்கும் பிழைகளை வெளிக்கொணர, சோதனையின்போது எல்லாக் கோப்புகளையும் முழுமையாக ஏற்றிப் பார்க்க வேண்டும். ரெயில்ஸில் இதற்கென்றே சைட்வெர்க் சரிபார்ப்புக் கட்டளை உள்ளது.

தேவைப்படும்போது ஏற்றுவது சில வடிவமைப்புகளோடு பொருந்தாது என்பது அடுத்த மறுப்பு. சேய்க் கிளாஸ்கள் பிறக்கும்போதே தாயிடம் பதிவுசெய்துகொள்ளும் முறையில், இன்னும் ஏறாத சேய்கள் பட்டியலில் இருக்க மாட்டா. பேஸின் டைப்ஸ் பட்டியலைப் பெயர் சொல்லி மெத்தடுக்குள் எழுதச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது: பெயரைத் தொட்டாலே கோப்பு ஏறிவிடும்.

புறக் கிளாஸ்களைத் திறந்து திருத்தும் கோப்புகள் உண்மையிலேயே இந்த முறைக்கு அப்பாற்பட்டவை. ஸ்டிரிங் கிளாஸில் ஒரு மெத்தடைச் சேர்க்கும் கோப்பு புதிய மாறிலி எதையும் தருவதில்லை. ஆகவே பெயரைக் கொண்டு அதை யாரும் தேடி வர மாட்டார்கள். இவற்றைத் தனி அடைவில் வைத்து, தானியங்கி ஏற்றத்திலிருந்து விலக்கி, தொடக்கத்தில் வெளிப்படையாக ரிக்வயர் செய்வதே முறை. ரூபி 2.1இல் முழுமை பெற்ற 'ரிஃபைன்மென்ட்' இதைவிடத் தூய வழி. திருத்தம் வேண்டிய கோப்பு அதைத் தானே அறிவித்துக்கொள்கிறது.

பெயர்வெளியைக் கிளாஸாக வைப்பதிலும் எச்சரிக்கை தேவை. ரிப்போர்ட்ஸ் ஒரு தாயிலிருந்து பிறந்த கிளாஸாக இருந்து, டெய்லி கோப்பு முதலில் ஏறி அதைத் தாயின்றித் திறந்துவிட்டால், உண்மையான வரையறை வரும்போது தாய்க் கிளாஸ் பொருந்தவில்லை என்று ரூபி மறுத்துவிடும். வெறும் மாட்யூலாக இருந்தால் எந்தக் கோப்பு முதலில் திறந்தாலும் ஒன்றுதான். பெயர்வெளிக்கு மாட்யூல், பொருள்களுக்குக் கிளாஸ் என்ற ஒழுங்கு இந்தப் பிழைக்கே இடம் தராது.

6. முடிவுரை

ஏற்றும் வரிசை என்பது தனியாகப் பராமரிக்க வேண்டிய அறிவு அன்று. கோப்புகளின் சார்பில் அது முழுவதும் அடங்கியிருக்கிறது. எனவே வரிசைப் பிழை ஒன்று தோன்றும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கோப்புக்கு அந்தப் பெயர் ஏறும்போதே எதற்காகத் தேவைப்படுகிறது என்பதே. தேவை தவிர்க்கக்கூடியது என்றால் அதை மெத்தடுக்குள் நகர்த்திவிட வேண்டும். தவிர்க்க முடியாதது என்றால் அந்தக் கோப்பிலேயே அறிவிக்க வேண்டும், அல்லது பெயர் விதியை ஒட்டிக் கோப்பை வைத்து ஏற்றத்தைக் கருவியிடம் விட்டுவிட வேண்டும். இப்படிக் கட்டிய நிரலில் எந்தக் கோப்பையும் தனியாக எடுத்துச் சோதிக்கலாம்; புதிய கோப்பைச் சேர்க்கும்போது ஏற்றும் வரிசைக்காகப் பழைய கோப்பைத் தொட வேண்டியதில்லை. பல பேர் பல ஆண்டுகள் உழைக்கும் நிரலுக்கு இந்த விடுதலை இன்றியமையாதது.