உண்மைக்கும் ஊருக்கும் எத்தனை தூரம்?

விஞ்ஞான யுகம் இது என்று மேடைதோறும் முழங்குகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். முழங்குவதில் தவறில்லை. ஆனால், விஞ்ஞானத்துக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்று அளந்து பார்க்க ஒரு கோல் வேண்டாமா? எத்தனை கல்லூரிகள், எத்தனை ஆய்வுக்கூடங்கள், எத்தனை பட்டதாரிகள் என்று எண்ணிக் காட்டுவார்கள் சிலர். நாம் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். ஓர் உண்மை மெய்ப்பிக்கப்பட்ட நாளுக்கும், அந்த உண்மையின்படி ஆள்வோர் நடக்கத் தொடங்கிய நாளுக்கும் இடையே ஓடிய ஆண்டுகள் எத்தனை? அந்த இடைவெளியில் விழுந்த பிணங்கள் யாருடையவை?

காலராவின் வரலாற்றின்மீது இந்தக் கோலை வைத்துப் பார்ப்போம்.

1817-ல் வங்கத்திலிருந்து கிளம்பி, கப்பலேறியும் கால்நடையாகவும் உலகைச் சுற்றிய நோய் அது. 1831-ல் இங்கிலாந்திலும் நுழைந்தது. நம் சிற்றூர்களில் அதனை அம்மனின் சினம் என்றனர். கூழ் ஊற்றினர், ஆடு வெட்டினர். இலண்டன் மேதைகள் அம்மனை அழைக்கவில்லை. "கெட்ட காற்று" என்றனர்! சாக்கடையிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் எழும் நாற்றமே நோயைத் தருகிறது என்று கட்டுக்கட்டாக எழுதிக் குவித்தனர். ஆதாரம் கேட்டால், பெரியவர்கள் சொன்னார்கள் என்பதுதான் அங்கும் விடை. அம்மனுக்குப் பட்டாடை சாத்தினார்கள் இங்கே. கொள்கைக்குப் பட்டதாரி அங்கி சாத்தினார்கள் அங்கே.

இந்தக் கொள்கையை எதிர்த்து நின்றவர் டாக்டர் ஜான் ஸ்னோ. யார்க் நகரில் ஏழைத் தொழிலாளியின் மகனாக 1813-ல் பிறந்தவர். மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவர் என்று பெயர் எடுத்தவர். அவர் எழுப்பிய கேள்வி மிக எளியது. காலரா தாக்குவது குடலை. காற்றின் வழி வரும் நோயானால் முதலில் நெஞ்சையல்லவா தாக்க வேண்டும்? குடலுக்குச் செல்லும் வழி வாய். ஆகவே, குடிக்கும் நீரைப் பாருங்கள் என்றார். 1849-ல் சிறு நூலாகவே வெளியிட்டார். கேட்பார் இல்லை.

1854 ஆகஸ்டு இறுதியில், இலண்டனின் சோகோ பகுதியில், பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். முடிவில் எண்ணிக்கை 616. நெருக்கமான குடியிருப்பு, கைத்தொழிலாளர் வாழ்ந்த சந்துகள். ஸ்னோ மரணக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். செத்தவர் பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயில் நீர் எடுத்தவர்கள். அருகிலேயே ஏழையர் விடுதி ஒன்று. 535 பேர் இருந்தனர், இறந்தவர் ஐவரே! அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்திலேயே பீர் வடிக்கும் ஆலை; எழுபது தொழிலாளர், சாவு ஒன்றுகூட இல்லை. அவர்கள் பீர் குடித்தனர், குழாய் நீரைத் தொடவில்லை. (மதுவுக்கு வக்காலத்து என்று எவரும் எண்ணிவிட வேண்டாம், ஸ்னோவே மதுவிலக்குக்காரர்!) அதே வேளையில், தொலைவிலிருந்த ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். அவர் குடியிருந்த இடத்தில் நல்ல காற்று. ஆனால், பிராட் தெருத் தண்ணீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வரவழைத்துக் குடித்தவர் அவர்!

செப்டம்பர் 7-ல் ஊர்க் காப்பாளர்களிடம் சொன்னார். மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இத்துடன் கதையை முடித்து, கைப்பிடியைக் கழற்றியதும் காலரா ஓடிற்று என்று எழுதுவோர் உண்டு. ஸ்னோ அப்படி எழுதவில்லை. மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடியதால் நோய் ஏற்கெனவே தணிந்திருந்தது என்பதையும் சேர்த்தே எழுதினார். தனக்குச் சாதகமாக வந்த நிகழ்ச்சியையும் சல்லடையில் போட்டுச் சலித்த அந்த நேர்மைக்காகவே அவரை நாம் போற்ற வேண்டும்.

அவர் நம்பியிருந்தது வேறொரு சான்று. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு கம்பெனிகள் நீர் வழங்கின. லாம்பெத் கம்பெனி 1852-ல், நகரத்துக் கழிவு எட்டாத மேல்புறத்திலிருந்து நீர் எடுக்கத் தொடங்கிவிட்டது. சௌத்வார்க்–வாக்ஸால் கம்பெனியோ, சாக்கடை கலந்த பகுதியிலிருந்தே எடுத்தது. இரு பக்கத்தாரும் சுவாசித்தது ஒரே காற்று. நடந்தது ஒரே தெரு. வேறுபட்டது தண்ணீர் மட்டுமே! எந்தக் கம்பெனியின் நீர் வருகிறது என்பது குடியிருந்தோர் பலருக்குத் தெரியாது. அங்கெல்லாம் நீரில் வெள்ளி நைட்ரேட்டைவிட்டுப் பார்த்து, உப்பின் அளவைக்கொண்டு கம்பெனியைக் கண்டுகொண்டார் ஸ்னோ. நோய் தொடங்கிய ஏழு வாரங்களில், பத்தாயிரம் வீடுகளுக்கு லாம்பெத் நீரால் 37 சாவு, மற்றதனால் 315!

இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்? நாம் கேட்கிறோம், அன்றைய மேதைகள் கேட்டுக்கொள்ளவில்லை. சுகாதார வாரியம் அமைத்த விஞ்ஞானக் குழு, 1855-ல், இவர் கருத்தை ஏற்கக் காரணமில்லை என்று ஒதுக்கிற்று. ஸ்னோவின் கூற்றைத் தகர்க்கப் புறப்பட்டவர் ஒருவர் உண்டு: அவ்வட்டாரத்துத் துணைப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். வீடு வீடாகத் துருவியவர், கடைசியில் ஸ்னோ சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் கொட்டப்பட்ட மலக்குழி, கிணற்றுக்கு மூன்றடிகூட இல்லாத தொலைவில் இருந்ததும் அவர் தேடலால் வெளிப்பட்டது. அங்கி அணிந்தவர் கண்ணைத் திறந்தார். குழுவில் அமர்ந்த விஞ்ஞானிகள் மூடிக்கொண்டனர். ஆடையைப் பார்த்து அறிவை எடைபோடக் கூடாது என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இதே ஸ்னோதான் 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவர். அரண்மனைக் கட்டிலருகே அவருடைய விஞ்ஞானம் நம்பத்தக்கதாக இருந்தது. ஏழையின் குடத்தருகே வந்ததும் ஐயத்துக்கு உரியதாகிவிட்டது! 1858 ஜூனில் அவர் மறைந்தபோது 'லான்செட்' ஏடு வெளியிட்ட சில வரிக் குறிப்பில் காலரா என்ற சொல்லே இல்லை. அந்தக் குறையை அந்த ஏடு திருத்தி வெளியிட்ட ஆண்டு 2013!

அதே கோடையில் தேம்ஸின் துர்நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. சீமான்கள் மூக்கைப் பொத்தினர். சன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டனர். சில வாரங்களுக்குள் சட்டம் பிறந்தது, பெரும் கழிவுநீர்ப் பாதைகள் எழுந்தன. நல்ல பணிதான். ஆனால், பல்லாயிரவர் சாவு அசைக்காத மன்றத்தை, உறுப்பினர் மூக்கு அசைத்தது! அப்பாதை வேலை முடியாதிருந்த கிழக்கு இலண்டனில்தான் 1866-ல் மீண்டும் காலரா பாய்ந்து, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை வாரிச் சென்றது. அங்கும் வடிகட்டாத நீர். அங்கும் ஒரு கம்பெனி. மறுப்பு அறிக்கையும் வந்தது. கெட்ட காற்றை நம்பியிருந்த புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார், தண்ணீரே காரணம் என்று அப்போது எழுதினார்.

இங்கிலாந்து ஒருவாறு ஒப்புக்கொண்டது. அதன் பேரரசு? ஜெர்மன் அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, 1884-ல் நோயாளிகளின் குடலிலும், மக்கள் குளித்துத் துவைத்துக் குடித்த குளத்திலும் ஒரே கிருமியைக் கண்டு காட்டினார். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களை நோய்த்தடைக்காக நிறுத்திவைக்க மற்ற நாடுகள் கேட்கும். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாயில் சென்றவற்றுள் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கப்பல்கள்! ஒவ்வொரு நாள் தாமதமும் பவுன் கணக்கில் நட்டம். பிரிட்டிஷ் அரசு தன் நிபுணர் இருவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிற்று. காக் கண்டது காரணமல்ல என்று அவர்கள் எழுதினர். காக் கொள்கைக்கு "அதிகாரபூர்வ மறுப்பு" என்ற தலைப்புடனேயே 1886-ல் அது அச்சேறியது. உண்மையை அதிகார முத்திரை குத்தி மறுக்கலாம் என்று நினைத்தார்கள்!

ஸ்னோவின் கணக்குக்கும் அந்த மறுப்புக்கும் இடையே 32 ஆண்டுகள். கல்கத்தா நகரத்துக்கு 1870 முதலே வடிகட்டிய நீர் வந்துகொண்டிருந்தது. நகரில் காலராச் சாவும் குறைந்திருந்தது. அந்த நீர் வங்கத்துச் சிற்றூர்களுக்கு எட்டவில்லை. அங்கே குடங்கள் அதே குளத்தில்தான் மூழ்கி எழுந்தன.