தொக்குகவா யப்பான்: கைத்தொழிலாக்கத்தின் உள்நாட்டு வேர்களும் ஏகாதிபத்தியமும்

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆசியாவின் இரு கரைகளில் இரு வேறு நிலைகளிற் காணப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அக்கம்பனி, இலங்கையின் கரையோரப் பகுதிகளில் ஆட்சியாளனாக அமர்ந்தது. தோம்பு எழுதி நிலங்களையும் குடிகளையும் பதிந்தது. வரியும் ஊழியமும் பெற்றது. அதே கம்பனியின் வர்த்தகர் யப்பானில், நாகசாகித் துறைமுகத்தை அடுத்து அமைக்கப்பட்ட தெசீமா என்னுஞ் சிறிய செயற்கைத் தீவில், 1641 முதல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். தீவையும் நகரையும் இணைத்த பாலத்தைக் கடப்பதற்கும் அவர்களுக்கு அனுமதி வேண்டியிருந்தது. கம்பனியின் தலைமை முகவர் தொலைவிலுள்ள யெடோ நகருக்குச் சென்று, ஷோகன் முன்னிலையிற் பணிந்து பரிசில்கள் செலுத்தினார்.

கம்பனி ஒன்றே, அதன் பீரங்கிகளும் இலாப வேட்கையும் ஒன்றே. எனவே, இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குரிய காரணத்தைக் கம்பனியிலன்றி, அது எதிர்கொண்ட சமூகங்களிலேயே தேடுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிய நாடுகள் பல குடியேற்றநாடுகளாகவும் அரைக் குடியேற்றநாடுகளாகவும் மாற்றப்பட்டபோது, யப்பான் மட்டும் கைத்தொழில் நாடாக எழுந்தமை எவ்வாறு என்னும் வினாவுக்கும் இது பொருந்தும்.

இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. அமெரிக்கக் கடற்படைத் தளபதி கொமடோர் மத்தியூ பெரியின் கப்பல்களே உறங்கிக் கிடந்த யப்பானைத் துயிலெழுப்பின என்பது ஒன்று. யப்பானியரின் பிறவிக் குணங்களான கட்டுப்பாடும் உழைப்புமே அதனை உயர்த்தின என்பது மற்றொன்று. முதலாவது விடை மேற்குலகின் வருகையை வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கின்றது. இரண்டாவது விடை வரலாற்றையே மறுக்கின்றது. பெரி வருவதற்கு முந்திய இரண்டரை நூற்றாண்டுக் காலத்தில் யப்பானியச் சமூகத்தினுள் நிகழ்ந்த மாற்றங்களை நோக்குமிடத்து, இவ்விரு விடைகளின் போதாமையும் புலனாகும்.

நிலமானிய ஒழுங்கும் அதன் அமைப்பும்

நீண்ட உள்நாட்டுப் போர்களின் முடிவில், 1600இல் செக்கிகாராப் போரில் வெற்றி பெற்ற தொக்குகவா இயெயாசு 1603இல் ஷோகன் பதவியை ஏற்றார். 1543இல் போர்த்துக்கேயர் மூலம் யப்பானை அடைந்த துப்பாக்கி, சில பத்தாண்டுகளுக்குள் உள்நாட்டிலேயே பெருந்தொகையாகச் செய்யப்பட்டு அப்போர்களிற் பயன்பட்டது. ஆகவே ஐரோப்பியர் எதிர்கொண்டது சிதறிய சிற்றரசுகளையன்று. போரிற் பயின்ற, ஒன்றுபட்ட வல்லரசொன்றையே.

பேரரசர் கியோத்தோவில் பெயரளவில் வீற்றிருக்க, ஆட்சியதிகாரம் யெடோவிலிருந்த ஷோகனிடம் இருந்தது. நாடு ஏறத்தாழ 260 டைமியோக்களின் ஆட்சிப் பிரிவுகளாகப் பிரிந்திருந்தது. அவர்களின் தகுதி, நிலத்தின் நெல் விளைவைக் கொண்டு 'கொக்கு' என்னும் அளவில் மதிப்பிடப்பட்டது. ஒரு கொக்கு ஏறக்குறைய 180 லீற்றர் அரிசியாகும். 10,000 கொக்குவுக்குக் குறையாத விளைவுடையவரே டைமியோ எனப்பட்டார். 1635இல் முறைப்படுத்தப்பட்ட விதியின்படி, டைமியோக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு யெடோவில் வாழவும், தம் மனைவி மக்களை அங்கேயே பிணையாக விட்டுவைக்கவும் கடமைப்பட்டனர்.

சமூகம் சாமுராய், குடியானவர், கைவினைஞர், வணிகர் என நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. மக்கட்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு வீதத்தினரான சாமுராய்கள் நிலத்தினின்றும் பிரிக்கப்பட்டுக் கோட்டை நகரங்களிற் குடியமர்த்தப்பட்டனர். போரில்லாக் காலத்தில் அவர்கள் அரிசியை ஊதியமாகப் பெறும் அலுவலராயினர். வணிகர் கடைசிப் படியில் வைக்கப்பட்டனர். இவற்றுக்குங் கீழே, தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட மக்களும் இருந்தனர்.

'மூடிய நாடு' என்னும் தொடரும் ஓரளவு மயக்கந் தருவதாகும். 1635இல் யப்பானியர் வெளிநாடு செல்வது தடுக்கப்பட்டது. கிறித்தவக் குடியானவர் பெரும்பங்கு கொண்ட சிமாபாராக் கிளர்ச்சி அடக்கப்பட்டதன் பின், 1639இல் போர்த்துக்கேயர் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் ஒல்லாந்தரோடும் சீனரோடும் நாகசாகியிலும், கொரியாவோடு சுசீமா வழியாகவும், இரியூக்கியூத் தீவுகளோடு சத்சுமா வழியாகவும் தொடர்புகள் நீடித்தன. 'மூடிய நாடு' என்னுஞ் சொல்லே 1801இல், நாகசாகி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஐரோப்பிய நூலொன்றை மொழிபெயர்த்தபோதுதான் தோன்றியது. யப்பான் கதவை முற்றாக அடைக்கவில்லை. கதவின் திறவுகோலைத் தன் கையில் வைத்திருந்தது என்பதே பொருத்தமாகும்.

பணத்தின் ஊடுருவல்

ஷோகனின் ஆட்சியை நிலைநிறுத்த வகுக்கப்பட்ட ஏற்பாடுகளே அதன் அடித்தளத்தை அரிக்கலாயின என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. டைமியோக்கள் யெடோவிற் பெருஞ் செலவோடு வாழ வேண்டியிருந்தமையால், தாம் வரியாகப் பெற்ற அரிசியைப் பணமாக்க வேண்டியவராயினர். அவ்வரிசி ஒசாகாவிற்குக் கப்பலேறியது. அங்குள்ள பண்டகசாலைகளையும் கடனையும் வணிகரே நடத்தினர். ஒசாகாவின் தோசீமா அரிசிச் சந்தையில், இனிமேல் விளையவிருக்கும் அரிசிக்கும் விலை பேசும் வர்த்தகம் வளர்ந்தது. 1730இல் ஷோகனின் அரசே அதற்கு அங்கீகாரம் அளித்தது. 1673இல் யெடோவிலே துணிக்கடை திறந்த மிற்சுயி குடும்பத்தினர், ரொக்கப் பணத்துக்கு நிலையான விலையில் விற்கும் முறையைக் கையாண்டு பெருஞ்செல்வராயினர். பதினெட்டாம் நூற்றாண்டில் யெடோவின் மக்கட்தொகை ஏறத்தாழ 10 இலட்சத்தை எட்டியது. அக்கால உலகின் மிகப் பெரிய நகரங்களுள் அதுவும் ஒன்றாகும்.

கிராமங்களும் மாறின. ஒசாகாவைச் சூழ்ந்த பகுதிகளிற் பருத்தியும், நடு யப்பானின் மலைப்பகுதிகளிற் பட்டும் சந்தைக்கென உற்பத்தி செய்யப்பட்டன. வணிகர் மூலப்பொருளையும் முன்பணத்தையும் குடியானவர் வீடுகளுக்கு வழங்கி, நூலாகவும் துணியாகவும் திரும்பப் பெற்றனர். ஐரோப்பாவிலே தொழிற்சாலைக்கு முன்னோடியாக அமைந்த வீட்டுக் கைத்தொழில் முறைக்கு இது பெரிதும் ஒப்பானதாகும். நிலமுள்ள செல்வக் குடியானவர் ஒருபுறமும், நிலமிழந்த கூலியாள் மறுபுறமுமாகக் கிராமம் பிளவுண்டது.

இவற்றோடு எழுத்தறிவும் பரவியது. கோவில்களிலும் ஆசிரியர் வீடுகளிலும் நடைபெற்ற சிறு பள்ளிகளில் குடியானவர், வணிகர் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் பயின்றனர். தொக்குகவாக் காலத்தின் இறுதியில் ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதத்தினரும் பெண்பிள்ளைகளுள் 10 வீதத்தினரும் வீட்டுக்கு வெளியே முறையான கல்வி பெற்றனர் என ஆய்வாளர் ரொனால்ட் டோர் மதிப்பிட்டுள்ளார். 1720இல் கிறித்தவம் சாராத மேலைநாட்டு நூல்கள் மீதான தடை தளர்த்தப்பட்டது. 1774இல் சுகித்தா கென்பாக்குவும் நண்பர்களும் உடற்கூற்று நூலொன்றை ஒல்லாந்த மொழியிலிருந்து பெயர்த்து வெளியிட்டனர். தெசீமா என்னுஞ் சிறு துளை வழியாகவே மருத்துவமும் வானியலும் படைக்கலவியலும் உட்புகுந்தன.

நெருக்கடி முற்றுதல்

சட்டத்திற் கடைநிலையிலிருந்த வணிகனிடம் முதல்நிலையிலிருந்த சாமுராய் கடனாளியாக நின்றான். டைமியோக்கள் தம் நிதிமுடையைத் தீர்க்கச் சாமுராய்களின் ஊதியத்தைக் குறைத்தனர். குடியானவர் மீது வரிச்சுமையை ஏற்றினர். 1780களில் நிகழ்ந்த தென்மெய்ப் பஞ்சமும், 1830களில் நிகழ்ந்த தென்போப் பஞ்சமும் பேரழிவை விளைத்தன. குடியானவர் கிளர்ச்சிகள் பெருகின. 1837இல் ஒசாகாவில் முன்னாட் காவல் அதிகாரியும் அறிஞருமான ஓசியோ எய்காச்சிரோ, தம் நூல்களை விற்று ஏழைகளுக்கு உதவியபின், அரிசியைப் பதுக்கிய வணிகருக்கும் அலுவலருக்கும் எதிராக மக்களைத் திரட்டினார். கிளர்ச்சி ஒரு நாளிலேயே அடக்கப்பட்டது. எனினும் நகரின் ஒரு பெரும் பகுதி தீக்கிரையாயிற்று. ஆளும் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவரே அவ்வொழுங்கை எதிர்த்து வாளேந்தியமை அதன் உட்சிதைவைக் காட்டுவதாகும்.

இந்நிலையில் சத்சுமா, சோசூ, கிசேன் முதலிய பிரிவுகள் தம் நிதியைச் சீர்செய்யவும் படைபலத்தைப் பெருக்கவும் முற்பட்டன. கிசேன் பிரிவின் தலைநகரான சாகாவில், ஒல்லாந்த நூலொன்றைத் துணையாகக் கொண்டு, இரும்புப் பீரங்கி வார்ப்பதற்கான உலையொன்றை அமைக்கும் பணி 1850இல் தொடங்கியது. பெரியின் கப்பல்கள் அப்போது யப்பானை வந்தடையவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

கப்பல்களும் உடன்படிக்கைகளும்

1842இல் அபினி யுத்தத்தில் சீனா அடைந்த தோல்வி யப்பானிய அறிஞரைத் திகைக்க வைத்தது. அந்நியக் கப்பல்களைக் கண்டவுடன் விரட்டுமாறு 1825இல் விதித்த ஆணையை ஷோகன் அரசு அவ்வாண்டிலேயே தளர்த்தியது. 1853 யூலையில் பெரி நான்கு கப்பல்களோடு உராகாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டில் பெரும்படையோடு மீண்டு வந்து, இரு துறைமுகங்களைத் திறக்கும் உடன்படிக்கையைப் பெற்றார். 1858இன் உடன்படிக்கைகள் இன்னுங் கொடியவை. அந்நியர் தம் நாட்டுத் தூதரக நீதிமன்றங்களிலேயே விசாரிக்கப்படும் உரிமை பெற்றனர். சுங்கத்தீர்வையை விதிக்கும் சுதந்திரத்தை யப்பான் இழந்தது. 1866இல் தீர்வை ஏறத்தாழ நூற்றுக்கு 5 வீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. யப்பானிற் பொன்னுக்கும் வெள்ளிக்கும் இருந்த மதிப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஐந்து. வெளியுலகில் ஒன்றுக்குப் பதினைந்து. எனவே வெள்ளியைக் கொணர்ந்து பொன்னை அள்ளிச்செல்லுதல் அந்நிய வர்த்தகருக்கு எளிதாயிற்று. விலைகள் உயர்ந்தன, நகரத்து ஏழைகளும் கீழ்நிலைச் சாமுராய்களும் கொதித்தெழுந்தனர்.

ஆயினும் யப்பான் ஏன் அடிமைப்படவில்லை? புறக்காரணங்களும் இதற்குத் துணைநின்றன. கிரிமியப் போர், 1857இன் இந்தியப் பெருங்கிளர்ச்சி, சீனாவின் தைப்பிங் கிளர்ச்சி, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆகியன வல்லரசுகளின் கவனத்தை ஈர்த்திருந்தன. சீனச் சந்தையின் பரப்போடு ஒப்பிடுகையில் யப்பான் அவற்றுக்குச் சிறிதாகவே தோன்றியது. ஆனால் அந்த ஓய்வு வேளையைப் பயன்படுத்தத்தக்க வர்க்கம் உள்நாட்டிற் கனிந்திருந்ததே முக்கியமானதாகும். 1863இல் ககோசீமாவும், 1864இல் சிமோனோசெக்கியும் மேலைநாட்டுப் பீரங்கிகளுக்கு இலக்காயின. அதன்பின் சத்சுமா, சோசூ ஆகியவற்றின் கீழ்நிலைச் சாமுராய்கள் அந்நியரை விரட்டுவதைக் காட்டிலும் ஷோகனை வீழ்த்துவதே முதற்பணி எனக் கண்டனர். செல்வ வணிகரும் அவர்களுக்குப் பொருளுதவி புரிந்தனர். 1868இல் மெயிஜி மாற்றம் நிகழ்ந்தது.

கைத்தொழிலாக்கமும் அதன் விலையும்

புதிய அரசு 1871இல் டைமியோக்களின் ஆட்சிப் பிரிவுகளை ஒழித்தது. 1873இல் நில மதிப்பின் நூற்றுக்கு 3 வீதத்தைப் பணமாகச் செலுத்தும் நிலவரி விதிக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புத் தீர்வை விதிக்க இயலாத அரசு, இவ்வரியையே பெரிதும் சார்ந்து மாதிரித் தொழிற்சாலைகளையும் இருப்புப்பாதையையும் நிறுவியது. 1873இற்குப் பின் 1890களின் இறுதிவரை அது புதிய வெளிநாட்டுக் கடன்களை நாடவில்லை. கடன் வழியாக அந்நிய ஆதிக்கம் நுழையும் என்பதை அதன் தலைவர்கள் அறிந்திருந்தனர். ஐரோப்பாவில் பட்டுப்புழு நோய் பரவியிருந்தமையால் யப்பானியப் பட்டுக்குக் கிராக்கி ஏற்பட்டது. அப்பட்டை நூற்றது தொக்குகவாக் காலக் கிராமம் வளர்த்த கைத்திறனேயாகும். 1883இல் இயங்கத் தொடங்கிய ஒசாகா நூற்பாலை 10,500 கதிர்களை நீராவியால் இயக்கியது. அதன் மூலதனத்திலும் பழைய வணிகரின் பணம் கலந்திருந்தது.

இவ்வளர்ச்சியின் சுமையைத் தாங்கியோர் யார்? 1873இல் கட்டாயப் படைச்சேவை வந்தபோது, அதனை 'இரத்த வரி' எனக் கருதிய குடியானவர் கலகம் செய்தனர். 1880களின் முற்பகுதியில் பணச் சுருக்கத்தால் விளைபொருள் விலை வீழ, வரியோ குறையாது நின்றது, எண்ணற்றோர் நிலமிழந்தனர். பட்டு உற்பத்திப் பகுதியான சிச்சிபுவில் 1884இல் கடனாளிகள் கிளர்ந்தெழுந்தனர். படை கொண்டு அவர்கள் அடக்கப்பட்டனர். அக்குடும்பங்களின் பெண்மக்களே, தந்தையர் பெற்ற முன்பணத்திற்கு ஈடாக, ஆலைகளின் விடுதிகளில் அடைபட்டு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைத்தனர். தொழிற்சாலைச் சட்டம் 1911இலேயே இயற்றப்பட்டது. 1916இலேயே நடைமுறைக்கு வந்தது.

சுமை நாட்டெல்லையோடு நிற்கவுமில்லை. பெரியின் உடன்படிக்கைக்கு 22 ஆண்டுகளின் பின், 1876இல், யப்பான் தன் போர்க்கப்பல்களைக் காட்டிக் கொரியா மீது அதேவகைச் சமமற்ற உடன்படிக்கையைத் திணித்தது. 1894-95இல் சீனாவை வென்று தைவானையும் பெரும் போரீட்டுத் தொகையையும் பெற்றது. அத்தொகை படைக்கலப் பெருக்கத்துக்கும், 1897இல் பொன் நாணய முறையை மேற்கொள்வதற்கும், 1901இல் இயங்கத் தொடங்கிய யவாத்தா உருக்காலைக்கும் உதவியது. 1910இல் கொரியா யப்பானுடன் இணைக்கப்பட்டது. 1911இல் யப்பான் தன் சுங்கத்தீர்வைச் சுதந்திரத்தை முற்றாக மீட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த இவ்விரு நிகழ்வுகளும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகும்.

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். யப்பானைக் காத்தது மூடிய கதவுமன்று. உயர்த்தியது திறந்த கதவுமன்று. உள்நாட்டிலே திரண்ட வணிக மூலதனமும், பரவிய எழுத்தறிவும், கிராமக் கைத்தொழிலும், பழைய ஒழுங்கைத் தூக்கியெறியத் துணிந்த வர்க்கமுமே அதற்கு அடிப்படையாயின. குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் இத்தகைய வளர்ச்சிக்கான உபரி கம்பனிகளின் கணக்கேடுகளுக்குள் மறைந்தது. யப்பானில் அது நாட்டினுள்ளேயே தங்கியது. ஆனால் அவ்வுபரியை ஈந்தவர் குடியானவரும் ஆலைப் பெண்களும். அதனை ஆண்டவர் வேறொரு சிலர். ஏகாதிபத்தியத்திலிருந்து தப்பிய நாடு தானே ஏகாதிபத்தியமாக மாறியமைக்கும் இவ்வுறவே காரணமாகும். யப்பானை முன்மாதிரியாகக் காட்டுவோர், தெசீமாவில் அடைக்கப்பட்ட ஒல்லாந்தரை நினைவு கூர்வதோடு, ஆலை விடுதிகளில் அடைக்கப்பட்ட அப்பெண்களையும், நாட்டை இழந்த கொரிய மக்களையும் உடன் நினைவு கூர்தல் வேண்டும்.