12 ரூபாயும் ஊர் மதிப்பும்

ஆசிரியர்களுக்கான கல்விக் கொள்கை பற்றிப் பேசும்போது நாம் 1882ஆம் ஆண்டின் புனேவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜோதிராவ் புலே ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஒரு மனு எழுதினார். 1848இல் பெண் குழந்தைகளுக்கும், பிறகு மகார், மாங் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்திய அனுபவத்தில் எழுதிய மனு அது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ எல்லோரும் பிராமணர்கள், பெரும்பாலோர் பயிற்சி பெறாதவர்கள், சம்பளம் 10 ரூபாயைத் தாண்டுவதும் அரிது என்றார் புலே. உழவர் சாதிகளிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சொன்னார். மக்களோடு கலந்து பழகுகிறவருக்கே அவர்களின் தேவை தெரியும் அல்லவா? சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையக்கூடாது, பெரிய ஊர்களில் 15 அல்லது 20 வேண்டும் என்றார். ஊர்க் கணக்குத் தணிக்கை, பத்திரப் பதிவு, அஞ்சல் பொறுப்புகளில் ஒன்றைக் கொடுத்தால் ஆசிரியரின் மதிப்பு உயரும் என்றார். அதிக மாணவரைத் தேறச் செய்பவருக்குத் தனிப்படியும் கேட்டார்.

அதே புலே, தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் தரும் முறை ஏழை மக்களுக்குப் பொருந்தாது என்றார். அதை நம்பி அவர்களிடையே பள்ளி திறப்பவர் பிழைக்க முடியாது என்பது அவர் வாதம். ஊக்கத்தொகை உரிய சம்பளத்துக்கு மேல் வரவேண்டியது.

இன்று தொகுப்பூதியத்தில் ஆசிரியர்களை நியமித்துவிட்டுத் தேர்ச்சி விகிதம் கேட்கும் அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியவையும் இவைதாம்: ஆசிரியர் எந்த மக்களிடமிருந்து வருகிறார், என்ன சம்பளம் பெறுகிறார், ஊரில் அவருக்கு என்ன இடம்?