கழுத்தில் அறுந்தது, கண்ணில் தெரிந்தது

1712ஆம் ஆண்டு நமூர் நகரில் பிரெஞ்சுப் படை மருத்துவர் பிரான்சுவா பூர்ஃபூர் டு பெட்டி, நாய்களின் கழுத்தில் ஒரு மெல்லிய நரம்பை வெட்டிப் பார்த்தார். அந்த நரம்பு மண்டைக்குள் தோன்றி, கழுத்து வழியே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது என்பது அக்கால உடற்கூற்றியலின் துணிபு. அப்படியானால் வெட்டுக்குக் கீழேதான் கோளாறு தெரிய வேண்டும். மாறியதோ மேலே இருந்த கண். கண்பாவை சுருங்கிற்று; நாய்க்குரிய மூன்றாம் இமை முன்னே வந்து விழியை மறைத்தது.

வாய்க்காலை மறித்தால் காய்வது கடைமடைதான். இந்த வாய்க்காலின் கடைமடை கண் என்றால், நரம்பு கழுத்திலிருந்து மேலே ஏறுகிறது என்றுதானே பொருள்? 1727இல் அவர் பாரிஸ் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதியது இதைத்தான். நுண்ணோக்கியோ மின்கருவியோ இல்லாமல், ஒரு கத்தியையும் தருக்கத்தையும் மட்டும் கொண்டு எட்டிய முடிவு அது.

அந்தப் பாதை உண்மையில் ஒரு சுற்றுப்பாதை. தன்னியக்க நரம்பு மண்டலத்தின் ஒரு பிரிவான துணைப்பரிவு நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து நேராகவே முகத்துக்கு வந்துவிடுகின்றன. பெட்டி வெட்டிய நரம்பு சேர்ந்த மற்றொரு பிரிவான பரிவு நரம்புகள் அப்படியல்ல. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸிலிருந்து தண்டுவடம் வழியாக மார்பின் மேல்பகுதி வரை கட்டளை இறங்குகிறது. அங்கிருந்து நுரையீரலின் உச்சியை ஒட்டிக் கழுத்தில் ஏறி, தாடைக்கோணத்தருகே ஒரு நரம்பு முடிச்சில் கைமாறி, கரோட்டிட் தமனியைப் பற்றிக்கொண்டு கண்ணை அடைகிறது. இவ்வளவு நீண்ட வழியில் எங்கே அறுந்தாலும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான்: இமை தாழும், பாவை சுருங்கும், பெரும்பாலும் முகத்தின் அந்தப் பக்கம் வியர்க்காது.

1851இல் உடலியங்கியல் ஆய்வாளர்களான பட்கேயும் வாலரும் பாவையை விரிக்கும் இழைகள் தண்டுவடத்தில் புறப்படும் இடத்தைக் கண்டறிந்தனர். அதே காலத்தில் பாரிஸில் உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார்ட் முயலின் கழுத்து நரம்பை வெட்டினார். காது குளிரும் என்று எதிர்பார்த்தார். அது சிவந்து சூடேறியது. உடல் வெப்பத்தை ஆராயப் போனவர் கண்ணில் முதலில் பட்டதும் வெப்பம்தான். வெட்டிய நரம்பின் மேல்முனையில் மின்சாரம் பாய்ச்சினால் காது வெளிறிக் குளிர்வதை 1852இல் பிரௌன்-செக்கார் காட்டிய பிறகுதான், அந்த நரம்பு ரத்தக்குழாய்களை இறுக்குகிறது என்பது தெளிந்தது.

மனிதர்களிடமும் இதே அடையாளங்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. 1838இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஹேர், கழுத்துக் கட்டியோடு வந்த ஒருவருக்கு இமை தாழ்ந்து பாவை சுருங்கியதைக் குறித்து வைத்தார். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காயங்களை ஆராய்ந்த வெயர் மிட்செல் குழுவினர், கழுத்தில் குண்டு பாய்ந்த ஒரு சிப்பாயிடம் இவற்றையும், நடந்துவிட்டு வந்தால் முகம் ஒரு பாதி மட்டும் சிவப்பதையும் கண்டனர்.

அப்புறம் 1869. ஜூரிக் கண் மருத்துவர் யோகான் ஃபிரெட்ரிக் ஹார்னரிடம் 40 வயது விவசாயப் பெண் ஒருவர் வந்தார். பிரசவமாகி ஆறு வாரத்தில் வலது இமை தாழத் தொடங்கியிருந்தது. காயம் எதுவும் இல்லை. ஹார்னர் பாவையை விரிக்கும் அட்ரோபின் மருந்தைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். வலது பாவை மெல்ல, அரைகுறையாகவே விரிந்தது. அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்க முகம் சிவந்து சுட்டது. இமையில் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒரு தசை இருப்பதை 1858இல் ஹைன்ரிஷ் முல்லர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஹார்னர், பரிவு நரம்பு செயலிழந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

இந்த அடையாளங்களின் தொகுப்புக்கான பெயர் அவருக்கே போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் விடாமல் பெர்னார்ட் பெயரையும் ஒட்டிக்கொள்கிறார்கள். முதலில் கண்டவர் என்ற கணக்கில் இரண்டுமே பொருந்தாது. அந்த உரிமை பெட்டிக்கு. ஆனால் வெட்டோ குண்டோ கட்டியோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முகத்தைப் படித்தே நரம்பைச் சுட்டியவர் ஹார்னர்தான்.

துணைப்பரிவு நரம்பின் கதை பின்னால் வந்தது. 1923இல் போலந்தின் லூட்சியா ஃப்ரை, சாப்பிடும்போதெல்லாம் கன்னம் வியர்க்கும் நோயாளி ஒருவரை விவரித்தார். காயத்துக்குப் பின் வளர்ந்த, துணைப்பரிவைச் சேர்ந்த உமிழ்நீர் நரம்பிழைகள் வழிதவறி வியர்வைச் சுரப்பிகளைச் சேர்ந்திருந்தன.

மீண்டும் ஹார்னர் கண்ட அடையாளங்களுக்கு வருவோம். இமை தாழ்வது களைப்பாலும் முதுமையாலும் வரும். ஆனால் திடீரெனக் கழுத்திலோ முகத்திலோ வலி எடுத்து, அதே பக்கம் இமை தாழ்ந்து பாவையும் சுருங்கினால் கரோட்டிட் தமனியின் சுவர் கிழிந்திருக்கக்கூடும். அது பக்கவாதத்தில் முடியலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போகாமல், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.