தூணின் அடியும் மட்டாஞ்சேரியின் மரமும்

மரத்தூண் தாங்கும் முகப்புள்ள வீட்டில் முதலில் கெடுவது தூணின் அடிப்பகுதியே. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. வெட்டுமுகத்தில் திறந்திருக்கும் மரத்தின் நுண்குழல்கள் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றுகின்றன. தூணுக்குக் கீழே கல் வைப்பது அழகுக்காக மட்டுமன்று. அந்த ஈரத்தைத் தடுப்பதற்காகவுமே.

மரம் கெடும் விதங்களைத் தமிழ் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. ஈரத்தில் நைந்தது இற்றுப்போனது. வண்டு துளைத்தது உளுத்துப்போனது. கறையான் தின்றது செல்லரித்தது. பழந்தமிழில் கறையானுக்கு வழங்கிய ‘சிதல்’ இன்று மலையாளத்தில்தான் அன்றாடச் சொல்லாக வாழ்கிறது. (‘சிதிலம்’ இதிலிருந்து பிறந்ததெனத் தோன்றலாம், அது வடசொல்.)

அடி இற்றதற்காகத் தூண் முழுவதையும் களைய வேண்டியதில்லை. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்கி, கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்துண்டை ஒட்டுப்போட்டு முளையடித்து இறுக்கலாம். மரங்களை இணைக்கும் முறைக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கும் மயமதம், தூணில் ஒட்டு நடுப்பகுதிக்குக் கீழேதான் அமைய வேண்டும் என விதிக்கிறது. தூண் ஒட்டுகளுள் ஒன்றுக்கு அது தரும் பெயர் ‘மேஷயுத்தம்’, அதாவது ஆட்டுக்கடாக்களின் மோதல். ஒன்றோடொன்று முட்டி நிற்கும் இரு மரங்களைக் கண்ட தச்சரின் கண் இப்பெயரில் இருக்கிறது. சாத்திரநூல்களைச் சடங்கு விதிகளின் தொகுப்பாக மட்டும் படிப்போர் இத்தகைய அதிகாரங்களைக் கடந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

மட்டாஞ்சேரி வீட்டின் சொற்களிலும் இத்தகைய ஒட்டுகள் உண்டு. ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்கள். ‘வராந்தா’வும் அவர்கள் வழியே பரவியது. ஆனால் மலையாளம் முகப்பை ‘இறயம்’ என்றும் சொல்லும். கூரைத் தாழ்வாரத்தைக் குறிக்கும் தமிழ் ‘இறை’யின் உறவுச்சொல் அது. தூண், உத்திரம், கூரை எனப் பாரம் சுமக்கும் உறுப்புகளின் பெயர்கள் அயலவர் வரவால் மாறவில்லை. எதிர்த்திசையிலும் சொற்கள் சென்றன. தேக்கு போர்த்துக்கீசியத்தில் ‘தேக்கா’ ஆகி ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. கப்பல் கட்ட உதவிய ஆஞ்ஞிலி ‘அஞ்செலிம்’ ஆயிற்று. வீட்டுத் தச்சரும் கப்பல் தச்சரும் நாடியவை ஒரே காட்டு மரங்கள்.

பழுதுபார்த்தல் ஒரு கட்டடத்தின் பெயரையே மாற்றக்கூடும் என்பதற்கு மட்டாஞ்சேரி அரண்மனை சான்று. 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் அதைக் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டனர். நாற்கட்டு அமைப்பும் நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயிலும் கொண்ட அக்கட்டடம், கட்டியவர் பெயரால் அன்றிச் செப்பனிட்டவர் பெயரால் ‘டச்சு அரண்மனை’ என்றே அறியப்படுகிறது.

அதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் யூதத் தொழுகைக்கூடத்தின் வரலாறு வேறு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதன் மக்கள் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். கூடம் பின்னர் கிடங்காயிற்று. செதுக்குவேலை நிறைந்த அதன் மர உட்புறம் 1990களில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. 2019 செப்டம்பர் மழையில் மட்டாஞ்சேரியில் எஞ்சியிருந்த கட்டடத்தின் முன்பகுதி இடிந்து விழுந்தது. மரம் பிழைத்தது, கூடம் பிழைக்கவில்லை. இதற்கு மழையை மட்டும் காரணமாக்குவது போதாது. அரண்மனை மீதும் அதே மழைதான் பெய்கிறது. ஆண்டுதோறும் ஓடு மாற்றவும், தூணடியைத் தட்டிப் பார்க்கவும், ஒட்டுப்போடவும் அங்கே வாழும் ஒரு சமூகம் இல்லாமற்போனதே முதற்காரணம் எனலாம்.

புதிய மரத்தைப் பழைய கட்டடத்தில் சேர்ப்பது அதன் தொன்மையைக் குலைக்குமா என்ற வினா உலக அளவிலும் நெடுநாள் விவாதிக்கப்பட்டது. மாற்றுறுப்புகள் முழுமையோடு இசைய வேண்டும், ஆயினும் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கனவாக இருக்க வேண்டும் என்றது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு மன்றமான இக்கோமோஸ், மரக் கட்டடங்களுக்கென 1999இல் வகுத்த நெறிகளில், சிதைந்த பகுதிக்கு ஈடாக அதே இன மரத்தைச் சேர்க்கலாம் என்றும், புதிய துண்டில் செதுக்கியோ சூடிட்டோ அடையாளம் இடலாம் என்றும் கூறியது. அந்நெறிகளின் திருத்த வடிவம் 2017இல் தில்லியில் ஏற்கப்பட்டது.

இன்று பலரும் நாடும் வழி இதற்கு நேர்மாறானது: இற்ற அடியைச் சுற்றிச் சிமெண்டு பூசிவிடுவது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகிறது. வெளியே தூண் உறுதியாகத் தெரிகிறது. பூச்சுக்குள் மரம் மேல்நோக்கி இற்றுக்கொண்டே போகிறது.