தசைவலிமையும் தோட்டத்து உணவும்: ஒரு வரலாற்று நோக்கு

உடலுழைப்பையே முதலாகக் கொண்ட சமுதாயமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சமுதாயம் எதனை உண்டு உழைத்தது என்னும் வினாவை அரிதாகவே எழுப்புகின்றனர். பதுளைச் சரிவுகளிலே தேயிலையையும், 1959ஆம் ஆண்டு தனி மாவட்டமாகிய மொனராகலைப் பகுதியிலே இறப்பரையும் வளர்த்த மக்களின் வரலாற்றுக்கு இவ்வினா இன்றியமையாதது. அமினோ அமிலப் பொடிகள் உடல்வலிமையைப் பெருக்கும் என்னும் விளம்பரம் தோட்டத்து விளையாட்டு வீரரையும் எட்டியிருக்கும் இக்காலத்தில் அதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

தசை வேலை செய்யுங்கால் தன் புரதத்தையே எரிக்கின்றது என்பது யேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் 1842ஆம் ஆண்டளவில் நிறுவ முயன்ற கொள்கை. இறைச்சி உண்போரே உழைக்க வல்லவர் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1865ஆம் ஆண்டு ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் புரதமற்ற உணவை உண்டு, சுவிற்சலாந்தின் ஃபோல்ஹோர்ன் மலைமீது ஏறினர். சிறுநீரிற் கழிந்த நைதரசனை அளந்தபோது, எரிந்த புரதம் அம்மலையேற்றத்துக்கு வேண்டிய சக்தியைத் தந்திருக்க இயலாது என்பது தெளிவாயிற்று. உழைப்பின் எரிபொருள் பெரிதும் மாப்பொருளும் கொழுப்புமே. புரதமோ தசையைக் கட்டவும் பழுதுபார்க்கவும் வேண்டப்படுவது.

ஆயினும் பழைய எண்ணம் எளிதில் மறையவில்லை. 1912ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே, வங்க மக்களின் உடல் மெலிவுக்கு அவர்தம் உணவின் புரதக் குறைவே காரணம் என்றார் மக்கே. நீலகிரியிலுள்ள குன்னூரில் ஆய்வு நடத்திய மக்கறிசன், ஓரின எலிகளுக்கு இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவுகளைப் பகிர்ந்தளித்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து ஏழையரின் உணவை உண்டவை நலிந்தன. தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் அம்மாகாணத்திலிருந்து வந்தவர் என்பதை ஈண்டு மனங்கொளல் வேண்டும். எலிகள் ஓரினத்தவை, வேறுபட்டது உணவு மட்டுமே. எனவே 'கூலியினம்' பிறப்பிலேயே வலுவற்றது என்னும் துரைமாரின் பேச்சுக்கு அறிவியலில் இடமில்லை.

1935ஆம் ஆண்டு றோஸ் என்பவர் திரெயோனினைக் கண்டறிந்தபின், உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களின் பட்டியல் நிறைவை நெருங்கியது. இன்று அவை ஒன்பது எனக் கொள்ளப்படும். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு. பருப்பிலே அது மிகுதி. பருப்பிற் குறைந்த மெதியோனினைத் தானியம் நிரப்புகின்றது. சோறும் பருப்பும் சேருமிடத்து ஒன்றன் குறையை மற்றது தீர்க்கின்றது. அறுபதுகளில் உலகெங்கும் புரதப் பஞ்சம் பேசப்பட்டபோது, இந்தியக் குழந்தைகளின் முதற்குறை மொத்த உணவே என்று எடுத்துக்காட்டியவர் சேலத்திற் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

இனி, நம் தோட்டங்களோடு நேரடித் தொடர்புடைய சான்றை நோக்குவோம். எட்ஜர்ட்டன், சேனவிரத்ன முதலியோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1979ஆம் ஆண்டு வெளியாயிற்று. குருதிச்சோகையுற்றோரிற் சிலருக்கு இரும்புச்சத்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் அளிக்கப்பட்டன. ஒரு மாதத்தின்பின், ஈமோகுளோபின் உயர்ந்தோர் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். சோகை மிகுந்தோரிடத்தே முன்னேற்றமும் மிகுந்திருந்தது. இருபத்துநான்கு மணிநேரம் வரை உடலசைவைப் பதிந்து பார்த்தபோதும் அவர்கள் முன்னையினும் சுறுசுறுப்பாயிருந்தனர். சோம்பல் எனத் தூற்றப்பட்டது நோயே என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுமோ?

சோகைக்கு ஒரு காரணமான கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் பணி இலங்கையில் 1916ஆம் ஆண்டிலேயே றொக்பெல்லர் நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் தோட்டத்துப் பெண்கள் சோகையுடனேயே மலையேறினர் என்பது சிந்திக்கத்தக்கது. மருந்தின் பயன் பறித்த கொழுந்தின் நிறையால் அளக்கப்பட்டதும் அவ்வாறே. பறித்தவளின் மாலைப்பொழுது களைப்பின்றிக் கழிந்ததா என்பதும் ஓர் அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வரலாறு தரும் நெறி ஒன்றுண்டு: குறையுள்ள இடத்தே அதனை நிரப்பும் பொருள் பயன் தரும், குறையற்ற இடத்தே அதன் பயன் சிறிது. போதிய புரதம் உண்பவருக்குக் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் ஓட்டத்தின் தாங்குதிறனை உறுதியாக உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆர்ஜினின் பற்றிய முடிபுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பீற்றா அலனின் மட்டும் ஒன்று முதல் நான்கு நிமிடம் வரையிலான கடும் முயற்சியில் சிறு பயன் தருகின்றது. விளையாட்டு வீரருக்கு உடல்நிறையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகின்றது. இதனைப் பருப்பு, கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு, பால் ஆகியவற்றாலேயே பெறலாம்.

ஆகவே, பலநாட் சம்பளத்தை ஒரு பொடிப்பேணிக்கு ஈந்து ஏமாறுதல் நம் இளைஞருக்கு வேண்டாதது. ரொட்டியும் சம்பலும் மட்டுமே உணவாகும் வீட்டிலே பருப்பும் கீரையும் முட்டையும் சேர்தல் வேண்டும். இரும்புச்சத்து உட்செல்வதைத் தேநீர் தடுக்குமாதலின், உணவோடன்றிச் சிறிது நேரம் கழித்து அதனை அருந்துதல் நன்று. எனினும் அறிவுரை மட்டும் அடுப்பை எரிக்காது. அவ்வுணவை வாங்குதற்கேற்ற கூலியும், சோகையைக் காலத்தே கண்டறியும் மருத்துவ வசதியும் கிட்டும் நாளிலேயே ஊவாத் தோட்டத்து மக்களின் உண்மையான உடல்வலிமையை நாடு காணும்.